பங்குனியில் போகிற ஒறம்பரை

சிங்காநல்லூர் குளத்துக்குப் போகிற வழியில், மூடிப் பல வருஷமான ஒரு மில்லின் சுற்றுச்சுவருக்குள் ஓர் இலவமரம் நிற்கிறது. பங்குனி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மரத்தில் பேருக்கு ஓர் இலை கிடையாது. மாசியில் பூத்ததில் பாதி தரையில் கொட்டிக் கிடந்தது. மீதி கிளைகளில், குங்குமக் கிண்ணங்களை வரிசையாக ஏந்தினாற்போல. கிண்ணத்துக்கு ஒன்றாகத் தலையைவிட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துப் பேத்தி நின்றுவிட்டாள்.

“அமுச்சி, மைனாவுக்கு யாரு ரோஸ் கலர் பனியன் போட்டு விட்டாங்க?”

“மைனா இல்ல சாமி. சோளக்குருவி.”

“சோளம் எங்க?”

சுற்றுமுற்றும் பார்த்தேன். இந்தப் பக்கம் பஞ்சர் கடை, அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடு, நடுவில் திருச்சி ரோட்டுக்குத் திரும்பும் பஸ். பிள்ளை கேட்டது நியாயம்தான்.

சோளம் இருந்தது சூலூருக்குக் கிழக்கே, எங்கள் மேட்டாங்காட்டில். புரட்டாசியில் மழை பார்த்து விதைத்தால் தையில் கதிர் பால் பிடிக்கும். பால் பிடித்த சேதி அதுகளுக்கு எப்படித்தான் எட்டுமோ, மறுநாளே வந்துவிடும். அப்பாவைப் பெற்ற அப்பாரு பரண்மேல் ஏறிவிடுவார். கையில் கவண், மடியில் கல். என் கையில் ஒரு தகர டின்னும் புளியங்குச்சியும். பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை எனக்கு அதுதான் வேலை. கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குக் கேட்டுவிடும்; ஈரத்துணியை உதறினாற்போல ஒரு சத்தம். பிறகு வானத்தில் ஒரு கறுப்புத் துப்பட்டி மடங்கும், விரியும், முறுக்கிக்கொள்ளும், சட்டென்று காட்டின்மேல் விழும். டின்னைத் தட்டுவதை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதற்காக நான் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. “தட்டு கண்ணு! வேடிக்கை பார்த்தா அதுக வேடிக்கை பாக்குமா?”

அப்பாருக்கு எண்ணத் தெரியாது என்றில்லை. வட்டிக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்த மனுஷன். ஆனால் குருவியை மட்டும் தலை எண்ணிச் சொன்னதே கிடையாது. வள்ளத்தில்தான் சொல்வார். எங்கள் பக்கம் நாலு படி சேர்ந்தால் ஒரு வள்ளம். பொழுதோட வந்து திண்ணையில் துண்டை உதறிக்கொண்டே, “இன்னிக்கு ஒரு வள்ளம் கூட்டந்தான்” என்பார். அதுகள் தின்றுவிட்டுப் போன தவசத்தின் அளவு அது. ஒரு வருஷம் தையில், முகம் செத்துப்போய் வந்து உட்கார்ந்து, “நாலு வள்ளம்” என்றார். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் உலையை வைத்தார்.

‘களவாணி ஒறம்பரை’ என்பது சோளக்குருவிக்கு அவர் வைத்திருந்த பெயர். விளைச்சல் பார்த்து வருகிற சொந்தம், போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாத சொந்தம். எங்கள் உறவிலேயே அப்படி இரண்டு மூன்று குடும்பம் இருந்ததால் பெயர் சுலபமாக நிலைத்துவிட்டது.

அந்த ஒறம்பரையின் சொந்த ஊர் எது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. மத்திய ஆசியாவின் புல்வெளிகள். கஜகஸ்தான் பக்கமும் சீனத்தின் சின்ஜியாங்கிலும் கற்குவியல்களின் இடுக்கில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகின்றன. அங்கே அதன் முக்கியமான சாப்பாடு வெட்டுக்கிளி. சின்ஜியாங்கில் புல்வெளியைக் காப்பாற்ற இந்தக் குருவிக்கென்றே கல்லை அடுக்கிச் செங்கல்லில் கூட்டறை கட்டிவைத்து, வருமா வருமா என்று காத்திருக்கிறார்கள். படித்ததும் பரண்மேல் கவணோடு நிற்கிற அப்பாருதான் நினைவுக்கு வந்தார். அங்கே மாப்பிள்ளை விருந்து, இங்கே கல்லடி. இதை அவரிடம் சொல்லியிருந்தால், “அங்கயே இருக்கச் சொல்றது” என்றிருப்பார்.

க. ரத்னத்தின் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ கையில் கிடைத்த பிறகு, இதற்குச் சூறைக்குருவி என்றும் பெயர் உண்டு என்று தெரிந்துகொண்டேன். சூறைக்காற்று, சூறையாடல் இரண்டும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. அப்பாரு கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார். பேத்திக்கு நான் சோளக்குருவி என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். சோளம் போன பிறகு பெயராவது இருக்கட்டும்.

கரைக்கு ஏறும்போது மணி ஐந்து. பறவை பார்க்கிற கூட்டம் ஏழெட்டுப் பேர் முன்னாலேயே வந்திருந்தார்கள். ஐ.டி. வேலைக்காரப் பையன்கள் இரண்டு பேர், ஒரு பல் டாக்டர், கல்லூரிப் பெண்கள். பொங்கல் விடுமுறையில் மாநிலம் முழுக்கப் பறவை எண்ணுகிறார்களே, 2015-இல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பில்தான் இவர்களைப் பழக்கம். பேத்திக்கு ஒரு பைனாகுலர் கொடுத்தார்கள். முதல் கால்மணி நேரம் அதைத் திருப்பிப் பிடித்து என்னைச் சின்னதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீரின் மேல் முக்கால்வாசி ஆகாயத்தாமரை. தலைவரை மூக்கில் ஏறும் சாக்கடை நாற்றம். அதற்கு நடுவே, நாற்றத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி, நீலத்தாழைக்கோழி ஒன்று நீண்ட விரல்களால் இலைமேல் அளந்து அளந்து நடந்தது. புள்ளிமூக்கு வாத்து ஜோடி ஜோடியாக. முக்குளிப்பான் முங்கினால் எங்கே எழும் என்று பேத்தி பந்தயம் கட்டித் தோற்றுக்கொண்டிருந்தாள். கூழைக்கடா நாலைந்து சேர்ந்து வரிசை போட்டு மீனை ஓரத்துக்குத் தள்ளின. சேர்ந்து வலை இழுக்கிற செம்படவர் மாதிரியே. பவளக்கால் உள்ளான் ஆழமில்லாத இடத்தில் நின்றுகொண்டு ஓயாமல் கத்தியது. மாசியில் வந்தபோது பார்த்த ஊசிவால் வாத்துகளைக் காணோம். தட்டைவாயன் இரண்டே இரண்டு. “போயிருச்சுங்க ஆன்ட்டி, பாதி கிளம்பியாச்சு” என்றான் ஐ.டி. பையன்களில் ஒருவன்.

இதுதான் எங்கள் ஊர் வசந்தத்தின் விசித்திரம். புத்தகப்படி மாசி பங்குனி பின்பனி, சித்திரை வைகாசிதான் இளவேனில். ஆனால் இலவு பூப்பது, புங்கன் தளிர்ப்பது, வேம்பு பூ வைப்பது, குயில் தொண்டையைத் திறப்பது எல்லாம் சித்திரைக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. மேலைநாட்டுக்காரர்கள் வசந்தம் வந்தால் பறவை வந்தது என்று கொண்டாடுகிறார்கள். நமக்கு வசந்தம் என்றால் வந்தது கிளம்புகிற நேரம். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த தகைவிலான்கள் ஒருநாள் காலையில் இல்லாமல் போகும். வேலியில் உட்கார்ந்து கீச்சிட்டுக்கொண்டிருந்த பழுப்புக் கீச்சான் இல்லாமல் போகும். இல்லாததை யார் கவனிக்கிறார்கள்?

சுவரோரம் ஓர் ஒடக்கான், கழுத்தெல்லாம் சிவந்து, தலையை ஆட்டி ஆட்டித் தன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் காலத்தில் பையன்கள் அதைக் கண்டால் கல் எடுக்காமல் போனதில்லை என்று சொன்னேன். பேத்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் எறியவில்லை என்று சேர்த்துக்கொண்டேன். அது முழுக்க உண்மையில்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற நொய்யலுக்குப் பழைய பெயர் காஞ்சிமாநதி. பேரூரைத் தாண்டி ஊருக்குள் நுழையும்போது அணைக்கட்டுகளில் தடுத்து, வாய்க்காலில் திருப்பி, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போன ஆறு. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று கோத்த மணிகள் அவை. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே மழைமறைவில் கிடக்கிற ஊருக்கு அந்தக் குளங்கள்தான் கிணற்றில் ஊற்று. பறவைக்கென்று யாரும் வெட்டியதில்லை. நெல்லுக்கும் குடிக்கும் வெட்டினார்கள். இன்று பாசனம் பேருக்குத்தான். பறவை மட்டும் பழைய முகவரிக்கு வந்துகொண்டிருக்கிறது. சிங்காநல்லூர் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்திருக்கிறது. வேறு சில குளங்களுக்கு நடைபாதையும் அலங்கார விளக்கும் செல்ஃபி எடுக்க இடமும் வந்தன. சாயங்காலம் குடும்பத்தோடு காற்று வாங்க நல்ல இடம், நானும் போகிறேன். ஆனால் ராத்திரி பதினோரு மணிவரை பளபளக்கிற கரையில் வக்கா எப்படி இரை தேடும் என்று ஒரு யோசனை வராமல் இல்லை. சேறும் கோரையும் இல்லாத குளம் பறவைக்குக் கழுவித் துடைத்துக் கவிழ்த்த பாத்திரம்தான்.

மில் சுவரைத் தாண்டி வந்ததிலிருந்து அப்பா நினைவு ஓடிக்கொண்டே இருந்தது. தாத்தாவுக்குச் சோளக்காடு, அப்பாவுக்குப் பஞ்சாலை. கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888-இல் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஊர் முழுக்கப் புகைபோக்கி. காட்டை நம்பினால் ஆகாது என்று முதல் தலைமுறையாக ஷிப்டுக்குப் போனவர்களில் அப்பா ஒருவர். ஆறு மணிச் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் விளக்கு அணையும், அடுப்பு எரியும். கடிகாரம் என்று ஒன்று வாங்கவே இல்லை.

ஐப்பசியில் ஒருநாள், அடைமழை நின்ற காலை, சாளையின் உள்ளே அட்டாலிக்குக் கீழே ஒரு பறவை ஒடுங்கிக் கிடந்தது. வால் வெட்டிவிட்ட மாதிரி குட்டை. பச்சை, நீலம், வயிற்றுக்கடியில் சிவப்பு, கண்ணுக்குக் கறுப்பு மை. யாரோ மீந்த சாயத்தை எல்லாம் ஒரே குருவிமேல் துடைத்த மாதிரி. செத்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா கூடையைக் கவிழ்த்து மூடி, “தூரத்துல இருந்து வந்திருக்கும். சித்த நேரம் தூங்கட்டும், தொடாத” என்றார். பொழுது சாயக் கூடையைத் தூக்கியபோது எழுந்து நின்று, குதித்துக் குதித்து வாழைக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து விடியும்போதும் பொழுது இறங்கும்போதும் வாழைக்குள்ளிருந்து இரட்டை விசில். ‘ஆறுமணிக்குருவி’ என்று அதற்குப் பெயர் இருப்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் அப்பாவே, “சங்குக்கு முன்னால இது ஊதுது, இதுக்கும் ஷிப்டு போல” என்று சிரித்தார். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வந்து, இலங்கை வரைக்கும் போகிற பறவை. ராத்திரியில் பறந்து வந்து, களைத்து, கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டகையிலும் விழுகிற கதையை இப்போதும் ஒவ்வொரு ஐப்பசியிலும் கேட்கலாம்.

மில் ஒருநாள் சங்கு ஊதவில்லை. அப்பா அப்போதும் ஐந்தரைக்கு எழுந்து, முகம் கழுவி, திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. வாழைக்குள்ளிருந்து விசில் வந்ததும் எழுந்து உள்ளே போவார். பங்குனி முடிந்து சித்திரையில் அதுவும் நின்றுவிடும்.

ஆனைகட்டியில் 1990-இல் சலீம் அலி பெயரில் பறவை ஆராய்ச்சி மையம் வந்த சேதியைப் பேப்பரில் படித்துச் சொன்னபோது, படுக்கையில் கிடந்த அப்பாரு கேட்டார்: “குருவி பாக்கறதுக்குச் சம்பளமா? நான் ஆயுசு பூராப் பாத்தனே, ஒருத்தன் ஒரு காசு குடுத்தானா?” வீடே சிரித்தது. யோசித்தால் சிரிப்பில்லை. எந்தக் காற்றடித்தால் எந்தப் பறவை வரும், எது கதிரைத் தின்னும், எது புழுவைத் தின்னும் என்பதெல்லாம் அவரிடம் இருந்தது. எழுதிவைக்க யாரும் வரவில்லை. பக்கத்திலேயே இருந்த நானும் எழுதவில்லை.

அம்மாவைப் பெற்றவர் ஊர் காங்கேயம் பக்கம். அப்பிச்சிக்குக் கொறங்காடு. கொழுக்கட்டைப்புல் முளைத்த மேய்ச்சல் நிலம், ஊடே ஊடே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. பங்குனி வெயிலில் அந்த வேலி இலையில்லாமல் வெறும் குச்சியாக நிற்கும். வெள்வேல மரத்து உச்சியிலிருந்து பனங்காடை நேர்குத்தாக மேலே போய், கத்திக்கொண்டே புரண்டு புரண்டு கீழே விழும். விழும்போது இறக்கைக்குள்ளிருந்து அப்படி ஒரு நீலம் வரும். பெண்டாட்டியைக் கூப்பிடுகிறது என்பார் அப்பிச்சி. இன்றைக்கும் காங்கேயம் தாராபுரம் ரோட்டில் பஸ்ஸில் போனால் சன்னலோரம் பார்த்துக்கொண்டே போங்கள், இந்த மாசத்தில் ஒன்றாவது விழும்.

இன்றைக்கு அங்கே பார்க்க முடியாத ஒன்றும் அப்போது இருந்தது. ஏழெட்டு வயதில் நான் பயந்த ஒரே பறவை. எருமை ஒன்று செத்துப் பள்ளத்தில் கிடந்தது. காலையில் வானத்தில் புள்ளி. மத்தியானத்துக்குள் நாற்பது ஐம்பது. மொட்டைக் கழுத்தை உள்ளே விட்டு, இறக்கையால் ஒன்றையொன்று அடித்துத் தள்ளி, சீறிக்கொண்டு. பொழுது இறங்குவதற்குள் எலும்பு மட்டும். பாறு என்று பெயர். எங்கள் பக்கம் பொணந்தின்னி. அது இல்லாமல் போனது எந்த வருஷம் என்று அப்பிச்சி ஊரில் யாராலும் சொல்ல முடியவில்லை. நோவெடுத்த மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம். செத்த மாட்டின் உடம்பில் தங்கிய மருந்து, தின்ற பறவையின் சிறுநீரகத்தை முடித்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் 2007 வாக்கில் ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது. கால்நடைக்கு அந்த மருந்து கூடாது என்று 2006-இல் தடை வந்தது. இன்று நம் பக்கம் அதைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். இதில் என்னைக் குடைவது, அந்த ஊசியைப் போட்டது கெட்ட எண்ணத்தில் இல்லை என்பதுதான். எழ முடியாத மாட்டைப் பார்த்து மனசு கேட்காமல் டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அப்பிச்சியும் கூட்டிவந்திருப்பார்.

போன மார்கழியில் பேத்தியைத் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஒரு காலத்தில் திருப்பூரில் நொய்யலைப் பார்த்தால் அன்றைக்கு எந்தக் கலர் பனியனுக்குச் சாயம் போடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று கட்டி, சாயத்தண்ணீர் தேங்கி, அதைத் திறக்காதே என்று விவசாயிகளே சண்டை போட்ட ஊர் இது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உத்தரவு வந்தது. அதே திருப்பூரின் ஓரத்தில், நல்லாற்றுத் தண்ணீரில் கிடக்கும் இந்தக் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. என்றோ இந்தக் குளத்தைச் சீர்படுத்திய நஞ்சராயன் என்ற அரசனின் பெயர் இப்படி உலகப் பட்டியலுக்குப் போய்விட்டது. அங்கே வரித்தலை வாத்தைப் பார்த்தோம். மங்கோலியாவிலும் திபெத்திலும் பிறந்து, இமயமலையைச் சில நேரம் 7,000 மீட்டர் உயரத்தில்கூடத் தாண்டி வருகிற வாத்து, பனியன் கம்பெனி பஸ் ஹாரனைக் கேட்டுக்கொண்டு புல் மேய்ந்தது. “பாஸ்போர்ட் இருக்கா அதுக்கு?” என்று கேட்டாள் பேத்தி.

அவளும் நாளன்னைக்கு ரயிலேறுகிறாள். பரீட்சை முடிந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்தவள். சின்ன வயதில் பங்குனி என்றால் எங்களுக்கு மாரியம்மன் நோம்பி. கம்பம் நட்டு, ராத்திரி முழுக்கப் பறை அடித்து ஆடி, ஊரெல்லாம் ஒறம்பரை. திண்ணை, களம், வண்டிக்கடியில் எல்லாம் ஆள் படுத்திருக்கும். கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் போட்ட மறுநாள் காலை ஊர் காலி. கூட்டிவிட்ட வாசலில் கோழி மட்டும் நடக்கும். அந்தக் காலையைத்தான் எனக்கு எப்போதும் பிடிக்காது. அப்பத்தா சொல்வார்: “போனாத்தானே கண்ணு மறுக்கா வர முடியும்?” இது ஆறுதலா, வேலை குறைந்த நிம்மதியா என்று அந்த வயதில் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஆறு மணிக்கு மேல் ஆகியிருந்தது. மேற்கே மலைக்கு மேல் வெளிச்சம் தேய்ந்துகொண்டிருந்தது. யாரோ “வருது வருது” என்றார்கள். ஈரத்துணியை உதறுகிற அதே சத்தம். திருச்சி ரோட்டுப் பக்கமிருந்து ஒரு கூட்டம், ரயில்பாதைக்கு மேலே இன்னொன்று, தெற்கேயிருந்து மற்றொன்று. குளத்துக்கு மேலே மூன்றும் கலந்தன. அந்தத் துப்பட்டி மடங்கியது, விரிந்தது. வைரி ஒன்று குறுக்கே பாய்ந்ததும் நடுவில் கிழிந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. கிளம்புவதற்கு முன் கூடுகிற கூட்டம். இன்னும் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. பேத்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரே வீச்சில் கோரைக்குள் விழுந்து, குளம் முழுக்க எண்ணெய்ச் சட்டி பொரிவது மாதிரி இரைந்தது.

பையன் போனில் கணக்குப் பதிந்துகொண்டிருந்தான். பத்துப் பத்தாகப் பிரித்து மனக்கணக்குப் போட்டு, “ரெண்டாயிரம் போடலாமா, மூவாயிரமா?” என்று மற்றவர்களைக் கேட்டான். டாக்டர் நாலாயிரம் என்றார். பேத்தி என் கையை இழுத்தாள்.

“நீங்க சொல்லுங்க அமுச்சி. எவ்வளவு?”

“நாலு வள்ளம்.”

“அப்படின்னா?”

சொன்னேன். பரண், கவண், டின், திண்ணையில் உதறின துண்டு எல்லாம். கரையில் இருந்தவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எண்ணிக்கை போடுகிற கட்டத்தில் எழுத்தை வாங்காது என்று பையன் வருத்தமாகச் சொன்னான். கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. பேத்தி போனை வாங்கி, ஒற்றை விரலால், ள்-க்கு எங்கே அமுக்குவது என்று தேடித் தேடி அதில் எழுதினாள்.